வழிப்போக்கனுக்கும் வாசல் திறக்கட்டும்!

"திரையிலே ஆடுகிற ஆட்டத்தைப் பற்றி நமது ஏட்டில் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. இருக்கிறது தோழர்களே, நிரம்பவே இருக்கிறது! ஆலை வாயிலில் ஷிப்டு மாறும் நேரத்தில் சற்று நின்று பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்களின் கைபேசியில் ஒருவருக்குச் சினிமாப் பாட்டு, ஒருவருக்குக் கிரிக்கெட், இன்னொருவருக்கு 'இ-ஸ்போர்ட்ஸ்' என்று சொல்லப்படுகிற மின்விளையாட்டு. 2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, மின்விளையாட்டைத் தனியே பிரித்துப் போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. இது சிறுபிள்ளை ஆட்டம் என்று ஒதுக்கித் தள்ளும் காலம் போய்விட்டது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. ஆடுகிறவர் இருக்கிறார், ஆட்டுவிக்கும் கம்பெனி இருக்கிறது, விளம்பரக்காரர் இருக்கிறார், பார்க்கிறவர் யார்?

ஆட்டத்தின் நெளிவு சுளிவெல்லாம் அறிந்தவனைச் சொல்லவில்லை. அவன் நடுநிசியானாலும் விழித்திருந்து பார்ப்பான். நாம் சொல்வது வழிப்போக்கனை. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, அரைமணி நேரம் உட்காருகிறானே, அவனை! அவனுக்கு வீரர்களின் பெயர் தெரியாது. விதிகள் பாதி புரியும், பாதி புரியாது. பிடித்திருந்தால் நாளையும் வருவான். பிடிக்காவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவான். ஒரு விளையாட்டு வளர்வதும் தேய்வதும் இந்த வழிப்போக்கனின் கையில்தான் இருக்கிறது.

அவனை இழுத்து உட்காரவைப்பது எது? வண்ண விளக்கா? வாணவேடிக்கையா? நம்முடைய கபடிப் பந்தலை நினைத்துப் பாருங்கள். ஊருக்குப் புதியவன் ஒருவன் கூட்டத்தில் நுழைகிறான். பக்கத்தில் நிற்பவரிடம் அவன் கேட்கும் முதல் கேள்வி, "என்னண்ணே, எந்த ஆட்டம்?" என்பதுதான். "அரையிறுதி தம்பி, தோத்தவன் வீட்டுக்கு" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், அவன் கால் அங்கேயே ஊன்றிவிடுகிறது! இப்படி ஒரே வரியில் பதில் சொல்ல முடிகிறதா என்பதைப் போட்டி முறைதான் தீர்மானிக்கிறது. யார் யாரோடு மோதுவது, தோற்றவருக்கு என்ன கதி, வென்றவருக்கு என்ன பலன், வெளியே நிற்பவன் உள்ளே வர வழி உண்டா என்று நான்கையும் வகுப்பது அதுவே. அந்த வரைவை யாருக்காகப் போடுகிறார்கள் என்பதே நாம் எழுப்பும் பிரச்சினை.

அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'ஓவர்வாட்ச்' என்று ஓர் ஆட்டம். பிளிசார்ட் என்ற கம்பெனியின் சொத்து. 2018 ஜனவரியில் அதற்கு ஒரு மாபெரும் லீக் தொடங்கினார்கள். மொத்தம் 12 அணிகள். ஓர் இடத்துக்கு விலை 2 கோடி டாலர் என்று அப்போது ஏடுகள் எழுதின. கோடீசுவரர்கள் வாங்கினார்கள். லண்டன் அணி, சியோல் அணி, ஷாங்காய் அணி என்று ஊர்ப் பெயர்கள் சூட்டினார்கள். ஊர்ப் பெயர் வைத்தார்களே, அந்தந்த ஊரில் ஆடினார்களா? இல்லை! முதலாண்டு லீக் சுற்று ஆட்டங்கள் எல்லாம் கலிபோர்னியாவில் பர்பாங்க் என்னும் இடத்தில் ஒரே அரங்கத்தில் நடந்தன. லண்டன்காரன் தன் அணியைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும்!

போகட்டும். முறையைப் பாருங்கள். ஒவ்வோர் அணிக்கும் 40 ஆட்டம். மொத்தம் 240 ஆட்டம். அந்த ஆண்டு ஷாங்காய் அணி 40 ஆட்டத்திலும் தோற்றது. ஆம், நாற்பதுக்கு நாற்பது! அடுத்த ஆண்டு அந்த அணி என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதே இடத்தில் அமர்ந்திருந்தது. ஏனென்றால் இடம் விலைக்கு வாங்கிய இடம். கீழே 'கன்டெண்டர்ஸ்' என்று இரண்டாம் நிலைப் போட்டி ஒன்று இருந்தது. அதில் முதலிடம் பெற்ற அணிக்கு மேலே ஏறும் உரிமை கிடையாது. தோற்றவனுக்குத் தண்டனை இல்லை, வென்றவனுக்கு ஏற்றமும் இல்லை! மறுபக்கம், 40 ஆட்டத்தில் 34 வென்று முதலிடம் பெற்ற நியூயார்க் அணி அரையிறுதியில் ஒரே தடுமாற்றத்தில் வெளியேறியது. அப்படியானால் அந்த 240 ஆட்டத்துக்கும் பொருள் என்ன என்று வழிப்போக்கன் கேட்டால், யார் பதில் சொல்வது?

நடுநிலையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே ஷாங்காய் அணி 2021இல் பட்டம் வென்றது. இடம் பறிபோகாது என்ற நிம்மதியில் ஆட்களை மாற்றி, பழகி, பயின்று எழுந்தது. மூடிய லீக்கை ஆதரிப்போர் இதைத்தான் காட்டுவார்கள்: வீரனுக்கு நிலையான சம்பளம் வேண்டாமா, இன்று இருந்து நாளை இல்லாமல் போகும் அணியில் எவன் சேருவான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உழைப்பவனுக்கு நிலையான சம்பளம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பு இருக்க முடியுமா? ஆனால் வேலைக்குப் பாதுகாப்பு வேறு, முதலாளியின் நாற்காலிக்குப் பாதுகாப்பு வேறு. அந்த லீக் காத்தது நாற்காலியை. வருவாய் எதிர்பார்த்தபடி வராமற்போன நாளில் நாற்காலிக்காரர்கள் என்ன செய்தார்கள்? 2023இல் வாக்கெடுத்து விலகிப் போனார்கள். கம்பெனி அவர்களுக்கு விலகு தொகையும் கொடுத்தது. 2023இல் டொராண்டோவில் நடந்த இறுதி ஆட்டத்தோடு லீக் மூடப்பட்டது. வீரர்களும் பயிற்சியாளர்களும் வேறு வேலை தேடினார்கள்.

இதே ஆண்டில், இதே அமெரிக்காவில், இன்னொரு சம்பவம். நம் தோழர்கள் அவசியம் அறிய வேண்டியது. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்பது ரயட் கம்பெனியின் ஆட்டம். அதன் வட அமெரிக்க லீக்கில் 2017 வரை இறக்கமும் ஏற்றமும் இருந்தன. கடைசியில் நிற்பவன் கீழே போவான், கீழே வென்றவன் மேலே வருவான். 2018இல் அந்த ஏணியை எடுத்துவிட்டார்கள். பத்து அணிகளுக்கு இடம் விற்கப்பட்டது. ஏணிக்குப் பதிலாக, ஒவ்வோர் அணியும் இளம் வீரர்களைக் கொண்ட இரண்டாம் அணி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 2023 மே மாதம் அந்த விதியையும் நீக்கினார்கள். நீக்கியதுதான் தாமதம், பெரும்பாலான அணிகள் இரண்டாம் அணியைக் கலைத்தன. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அப்போது மேல் லீக்கில் ஆடும் வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சங்கத்தைக் கூட்டினார்கள். வாக்கெடுத்தார்கள். பெரும்பான்மையோடு வேலைநிறுத்தம் செய்தார்கள்! சுகமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், கீழ்நிலையில் வேலை இழந்தவர்களுக்காக வெளியேறினார்கள். ஜூன் முதல் தேதி தொடங்க வேண்டிய பருவம் இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று. அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, மேல் லீக்குக்கும் கீழ் லீக்குக்கும் இடையே மீண்டும் ஏற்ற இறக்கம் வேண்டும் என்பது. அதாவது போட்டி முறையை மாற்று என்பது! கம்பெனி ஒருமுறை உதவியாக 3 லட்சம் டாலர் கொடுத்தது, ஏணியைக் கொடுக்கவில்லை. போட்டி முறை கணக்குப்பிள்ளையின் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வேலைநிறுத்தத்தை நினைவூட்டுகிறோம். அந்தக் காகிதத்தில் ஒரு கோடு அழிந்தால் எத்தனை பேர் சோறு அழிகிறது, பாருங்கள்!

"வீரனின் சோறு சரி, வழிப்போக்கனுக்கும் ஏணிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவன் அடிமட்டத்திலிருந்து ஏறி வருகிற கதையைப் புரிந்துகொள்ள யாருக்கும் விதிப்புத்தகம் தேவையில்லை.

2018இல் கனடாவின் வான்கூவரில் 'டோட்டா 2' ஆட்டத்தின் 'தி இன்டர்நேஷனல்' போட்டி. பரிசுத் தொகை 2½ கோடி டாலருக்கு மேல். ஓ.ஜி. என்ற அணி சில மாதம் முன்புதான் உடைந்து சிதறியிருந்தது. பயிற்சியாளரையே ஆட்டக்காரராக இறக்கினார்கள். பெரிய மேடையே காணாத பின்லாந்து இளைஞர் ஒருவரைச் சேர்த்தார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் திறந்த தகுதிச் சுற்றிலிருந்து ஆடி ஏறி வந்தார்கள். இறுதியில் சீனத்தின் வலிமை மிக்க அணியை 3-2 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றார்கள். திறந்த சுற்று இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை.

அடுத்த ஆண்டு, 2019. சண்டை ஆட்டங்களுக்கு 'ஈவோ' என்று ஒரு பழைய போட்டி உண்டு. பெயர் பதிந்து கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். 'டெக்கன்' ஆட்டத்தில் கொரியர்களும் ஜப்பானியர்களும்தான் கொடிகட்டிப் பறந்தார்கள். லாகூரிலிருந்து அர்சலான் ஆஷ் என்று ஒரு பாகிஸ்தான் இளைஞர் வந்தார். விசா சிக்கல்கள், பயணத் தொல்லைகள், எல்லாம் கடந்து வந்தார். ஜப்பானில் நடந்த ஈவோவிலும் வென்றார். அதே ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவிலும் வென்றார். இடத்துக்கு 2 கோடி டாலர் கேட்டிருந்தால் லாகூர் இளைஞர் எங்கே நின்றிருப்பார்?

வாசல் திறந்தாயிற்று. உள்ளே வந்த பிறகு எப்படி ஆடவைப்பது? இதில் நிபுணர்களுக்குள்ளே ஓயாத வழக்கு. ஒரு கட்சி, தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறை. இன்னொரு கட்சி, இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற இரட்டை வாய்ப்பு முறை. இரண்டாவதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஐ.பி.எல். லீக்கில் முதல் இரண்டு இடம் பெற்ற அணிகள் மோதும்போது, தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறார்களே, அதையே போட்டி முழுவதற்கும் விரித்தால் இந்த முறை.

நாக்-அவுட் கொடுமையானது, ஒரு கெட்ட நாளில் நல்ல அணி வெளியேறிவிடும். ஆனால் அதன் சுவைக்கு ஈடில்லை. 2022இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில் கொரியாவின் நான்காவது அணியாக வந்த டி.ஆர்.எக்ஸ்., ஆரம்பத் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கியது. காலிறுதியில் முந்தைய ஆண்டு உலக வெற்றியாளரிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று மீண்டது. சான் பிரான்சிஸ்கோ இறுதியில் எதிரே டி1 அணி. அதிலே 'ஃபேக்கர்' என்னும் மாபெரும் ஆட்டக்காரர். டி.ஆர்.எக்ஸ். அணியின் மூத்தவர் 'டெஃப்ட்', ஃபேக்கர் படித்த அதே பள்ளியில் படித்தவர். பத்தாண்டு ஆடியும் உலகப் பட்டம் காணாதவர். அன்று 3-2 என்று கண்டார்! காலிறுதி முதல் ஒவ்வொரு நாளும் "இன்று தோற்றால் முடிந்தது" என்ற நிலை இருந்ததால்தான் ஆட்டம் தெரியாதவனும் அந்தக் கதையைப் பின்தொடர முடிந்தது.

அப்படியானால் இரட்டை வாய்ப்பைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2004 ஈவோவில் ஜப்பானின் டைகோ உமெஹாரா, உயிர் ஒரு மயிரிழையில் தொங்க, எதிராளியின் 15 அடிகளையும் ஒன்றுவிடாமல் தட்டித் திருப்பி வென்ற காட்சியை ஆட்டமே தெரியாத எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். அது நடந்தது ஒருமுறை தோற்றவர்களுக்கான வரிசையின் இறுதியில்! நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்த நேரம் அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். (அதற்கடுத்த இறுதி ஆட்டத்தில் அவர் தோற்றார் என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த முறையில் ஒரே ஒரு குடைச்சல், கடைசியில்தான். இறுதி ஆட்டத்துக்கு ஒருவர் தோல்வியே காணாமல் வருகிறார், மற்றவர் ஒருமுறை தோற்று வருகிறார். தோற்று வந்தவர் வென்றால், இருவருக்கும் ஒவ்வொரு தோல்வி. ஆகவே இன்னொரு முறை ஆடு என்கிறது ஈவோ. நீதி சரி. ஆனால் வழிப்போக்கனோ, "வென்றாயிற்றே, கைதட்டியாயிற்றே, மறுபடி ஏன் ஆடுகிறார்கள்?" என்று விழிக்கிறான். சண்டை ஆட்டம் சில நிமிடத்தில் முடிவது. அங்கே இது பொறுக்கும். மணிக்கணக்கில் நீளும் ஆட்டங்களில் இது கூடாது என்பது நமது எண்ணம். தி இன்டர்நேஷனல் போட்டியில் எந்த வழியாக வந்தாலும் இறுதி ஒரே தொடர், ஐந்தில் மூன்று, முடிந்தது. அதுவே சரி.

தொடக்கக் கட்டத்துக்கு இப்போது 'ஸ்விஸ்' முறை செல்வாக்குப் பெற்றிருக்கிறது. 1895இல் சூரிச் நகரச் சதுரங்கப் போட்டியில் பிறந்த முறை. கவுன்டர்-ஸ்டிரைக் ஆட்டத்தின் 'மேஜர்' போட்டிகள் 2017 முதலும், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டி 2023 முதலும் இதை ஏற்றன. மூன்று வெற்றி பெற்றால் மேலே, மூன்று தோல்வி கண்டால் வெளியே. ஒவ்வொரு சுற்றிலும் நம் கணக்குக்குச் சமமான கணக்கு உள்ளவனோடு மோதல். 16 அணி எல்லாரோடும் ஆடினால் 120 ஆட்டம். இதில் 33 ஆட்டத்தில் எட்டு அணி தேறிவிடுகிறது. உயிரற்ற ஆட்டம் என்று ஒன்றுகூட இல்லை. 1982 உலகக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், 1-0 என்றால் இருவருக்கும் லாபம் என்று தெரிந்துகொண்டு பந்தைச் சும்மா உருட்டி உலகத்தை ஏமாற்றின. அந்த மாதிரிக் கூத்துக்கு ஸ்விஸ் முறையில் இடம் குறைவு. இரண்டுக்கு இரண்டு என்று நிற்கும் இரு அணி மோதும் நாளில் மட்டும் வந்து உட்காருங்கள் என்று வழிப்போக்கனிடம் சொல்லலாம். முழு அட்டவணையையும் விளக்கப் போனால் அவன் எழுந்துவிடுவான்.

இருபது அணி ஒரே களத்தில் இறங்கும் ஆட்டங்கள்தான் பெரிய தலைவலி. பல சுற்று ஆடி, புள்ளிகளைக் கூட்டி, வெற்றியாளரை அறிவிப்பார்கள். கடைசிச் சுற்றில் வென்றவன் துள்ளுவான். பட்டமோ ஆறாவதாக வந்தவனுக்குப் போகும்! 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' போட்டியின் இறுதியில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். 50 புள்ளி தொட்ட அணி, அதன்பின் ஒரு சுற்றில் முதலிடம் பெற வேண்டும். பெற்றால் அந்த நொடியே பட்டம். "அதோ அந்த அணி வென்றால் முடிந்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரே குறை, எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறாவது சுற்றிலும் முடியலாம், பத்தாவதிலும் முடியலாம். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு இது இடைஞ்சல்தான். போட்டி நடத்துவோர் இறுதி நாளையாவது விடுமுறை நாளில், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே தொடங்கலாமே! எத்தனையோ கோடி செலவழிப்பவர்களுக்கு ஒரு கடிகாரம் பார்ப்பதா கடினம்?

வாசல் விஷயத்தில் காற்று சற்றுத் திரும்பியிருக்கிறது. கவுன்டர்-ஸ்டிரைக்கின் உரிமையாளரான வால்வ் கம்பெனி 2025 முதல், பெரிய போட்டிகளுக்கு அணிகளை ஆட்ட முடிவுகளால் வரும் தரவரிசைப்படியோ திறந்த தகுதிச் சுற்றின் மூலமோதான் அழைக்க வேண்டும், போட்டி நடத்துவோர்க்கும் அணிகளுக்கும் வியாபாரக் கூட்டு கூடாது என்று விதி செய்தது. 2 கோடி டாலர் கேட்ட அதே ஓவர்வாட்ச் ஆட்டத்துக்கும் 2024இல் புதிய தொடர் தொடங்கியது. அதற்குத் திறந்த தகுதிச் சுற்று உண்டு. ஐந்து நண்பர்கள் கூடிப் பெயர் பதிந்து முதல் படியில் கால் வைக்கலாம்.